யாராவது ஒருத்தி

“பேனாவக் கீழ வையி ஜெயஸ்ரீ! எவளாவது இதுல கையெழுத்து போட்டீங்க, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்!”

புஷ்பவல்லி போட்ட சத்தத்தில், கீழே டீக்கடையில் நின்றவர்கள்கூட மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். ஒரு ரூம், ரெண்டு மேஜை, அவ்வளவுதான். சமூகப் பணியாளர் மலர்க்கொடியின் எதிரில் நாலு மீனவப் பெண்கள். பதினோரு மாசத்துக்கு முன்னால் ஒரே ஃபைபர் படகில் கடலுக்குப் போன நாலு பேரின் மனைவிகள். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

உடல் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் அரசு உதவி இல்லை. ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை பிள்ளைகள் காற்றைக் குடித்தா வளரும்?

இதை மாற்றத்தான் மலர்க்கொடி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குப்பம் குப்பமாக அலைந்து ஒரு முன்மொழிவு தயாரித்திருந்தாள். விஷயம் எளிது. படகு கிளம்பும்போது துறைமுகத்தில் டோக்கன் போடுகிறார்கள். டோக்கன் போட்டுப் போன படகு முப்பது நாளாகியும் திரும்பவில்லையா? அந்தப் பதிவே போதும், வீட்டுக்கு மாசாமாசம் உதவி போகணும். மனைவி எதையும் எழுதித் தர வேண்டாம்.

மீன்வளத் துறை அதிகாரிதான் முட்டுக்கட்டை போட்டார்.

“புருஷன் வருவான்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் எதுக்கும்மா உதவி? ‘என் கணவர் இனி திரும்ப மாட்டார்’னு பாதிக்கப்பட்டவங்க யாராவது ஒருத்தி எழுதிக் குடுக்கட்டும். உங்க திட்டத்தத் திங்கட்கிழமை குழுவுல வைக்கிறேன். இல்லேன்னா அடுத்த வருஷம்தான்.”

இன்று வெள்ளிக்கிழமை.

ஜெயஸ்ரீ பேனாவை எடுத்தே விட்டாள். மூணு பிள்ளைகள் அவளுக்கு. பெரியவளின் படிப்பை நிறுத்தி இறால் உரிக்கிற வேலைக்கு அனுப்பி ஒரு மாசம் ஆகிறது. முதல் எழுத்தைப் போடப் போனபோதுதான் புஷ்பவல்லி பாய்ந்து தாளைப் பிடுங்கினாள்.

“இன்னாடி அவசரம்? படகு ஓட்டிகினு போனது என் வூட்டுக்காரரு. முப்பது வருசமா கடல்லயே கெடக்கறவரு. ஒங்க ஆளுங்க மூணு பேரயும் பத்திரமா கூட்டிகினு வருவாரு. எங்கியோ கரை ஒதுங்கிக் கீறாங்க, வருவாங்க!”

“அக்கா, இது உங்க நாலு பேருக்கு மட்டும் இல்லக்கா. இந்தக் கரை முழுக்க...” மலர்க்கொடி கெஞ்சினாள்.

“இந்தா பொண்ணே, சும்மா பேஜாரு பண்ணாத. உயிரோட கீற ஆள செத்துட்டான்னு எழுதச் சொல்றியே, ஒனக்கு நாக்கு கூசல?”

புஷ்பவல்லி வெளியே நடக்க, மற்ற மூவரும் எழுந்தார்கள். ஜெயஸ்ரீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

“அக்காவே சொல்லிச்சு. வந்துருவாங்க” என்றபடி படியிறங்கினாள்.

பக்கத்து மேஜை சித்தார்த் பொரிந்து தள்ளினான்.

“திமிரு மேடம், சுத்தத் திமிரு! அந்தம்மாவுக்கு மார்க்கெட்ல மீன் கடை இருக்கு. புள்ளகுட்டி இல்ல, சோத்துக்குக் கவலையும் இல்ல. ஜெயஸ்ரீ நிலைமைய யோசிச்சாங்களா? தானும் போட மாட்டாங்களாம், போடறவளையும் விட மாட்டாங்களாம்!”

சொல்லுங்கள், கோபம் வருமா வராதா? மலர்க்கொடிக்கும் வந்தது. நாலு வருஷ உழைப்பு ஒரு கத்தலில் போய்விட்டதே! அவனை அடக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அரைமணி நேரம் போயிருக்கும். சித்தார்த் டீ குடிக்க இறங்கியிருந்தான். கதவைத் திறந்துகொண்டு புஷ்பவல்லி வந்தாள், தனியாக. வந்ததும் கதவைச் சாத்தினாள்.

“எங்கம்மா போடணும்?”

“என்னக்கா?”

“கையெழுத்து. எடத்தக் காட்டு, சீக்கிரம். மாத்திரை வாங்கியாறேன்னு அவளுங்கள பஸ் ஸ்டாப்புல நிக்க வச்சிட்டு வந்துக்கீறேன்.”

“இப்பத்தானேக்கா, வருவாருன்னு...”

“மூணு நாளைக்குத்தாம்மா டீசலு எடுத்துகினு போனாங்க. அன்னிக்கி அடிச்ச காத்து எப்பேர்ப்பட்ட காத்துன்னு எனக்குத் தெரியாதா? நாலாவது நாளே புரிஞ்சிபோச்சு. வர மாட்டாரு.”

மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“படகு ஓட்டுனவரு பொண்டாட்டியே போயிட்டாருன்னு சொல்லிட்டா, மூணு வூட்லயும் இன்னிக்கே எழவு வுழுந்துரும். ஜெயஸ்ரீ தாங்க மாட்டா. என் மூஞ்சியப் பாத்துதான் காலைல எழுந்து வேலைக்கே போறா. அதான் அவளுங்க முன்னாடி கத்துனேன். தப்பா எடுத்துக்காத.”

“உங்க பேரு வெளிய வராதுக்கா. நான் பாத்துக்கறேன்.”

“வரவே கூடாது.”

மலர்க்கொடி நகர்த்திய தாளில், புஷ்பவல்லி எழுத்துக்கூட்டி எழுதினாள். ‘என் கணவர் இனி திரும்ப மாட்டார்.’ அந்த ஒரு வரிக்கு அஞ்சு நிமிஷம் ஆனது. இவளையா திமிர் பிடித்தவள் என்று நினைத்தோம் என்று மலர்க்கொடிக்கு வெட்கமாக இருந்தது. காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

கையெழுத்துப் போடும் முன் புஷ்பவல்லி நிமிர்ந்தாள்.

“ஏம்மா, ஒன் திட்டம் வந்துட்டா, அப்பறம் எந்தப் பொண்ணும் இத எழுதிக் குடுக்க வேணாம்தானே?”

“வேண்டவே வேண்டாம்க்கா.”

“அப்ப சரி. கடைசியா எழுதுனவ நானா இருந்துட்டுப் போறேன்.”