சித்தியைக் கேட்டால்தான் நெட்

"என்னையும் தூக்கிட்டாங்க, உன்னையும் தூக்கிட்டாங்க. சித்தி மட்டும் இருக்காங்க!"

அண்ணன் போட்ட கூச்சலில் சின்னவள் அடித்துப் பிடித்து ஓடிவந்தாள்.

வீட்டில் இருந்தது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் கணினி. அப்பாவுக்கு ஆபீஸிலும் அதுதான் வேலை. ஆளுக்கொரு லாகின் கொடுத்து, 'நெட்' என்று ஒரு குரூப் போட்டு வைத்திருந்தார். அந்தக் குரூப்பில் இருப்பவர்கள்தான் இணைய இணைப்பைப் போட முடியும். நேற்றுவரை பிள்ளைகள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். இன்று தட்டினால் 'அனுமதி இல்லை' என்கிறது.

"வந்து முழுசா ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள அதிகாரத்தைப் பாரு!" என்றாள் சின்னவள். அம்மா இறந்த பிறகு, அப்பா கட்டிக்கொண்டு வந்த இன்னொருத்தி அந்த வீட்டில் நடமாடுவதே அவளுக்குத் தொண்டையில் முள்.

நேராக அப்பாவிடம் போய் நின்றார்கள்.

"நான்தான் எடுத்தேன்," என்றார், தலையைத் தூக்காமல். "நெட் வேணும்னா சித்திகிட்ட கேளுங்க."

வேறு வழி? அண்ணன் சமையலறை வாசலில் நின்று சுவரைப் பார்த்துச் சொன்னான். "நெட் போடணுமாம்."

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் பாஸ்வேர்டை ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள்.

நாளாக ஆக, 'நெட் போடணுமாம்' என்பது "சித்தி, நெட்!" ஆனது. போட்டுவிட்டு அவளும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். சின்னவள் கணக்கில் திணறினால் பென்சிலைப் பிடுங்கிப் போட்டுக் காட்டினாள். அண்ணன் வைத்த கோமாளிப் படத்துக்கு மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். 'சித்தி' எப்போது 'அம்மா' ஆனாள் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

இப்போது அப்பா இல்லை. சின்னவளும் ஓர் ஆபீஸில் லினக்ஸ் கணினிகளைத்தான் கட்டி மேய்க்கிறாள். லீவில் வந்தவள் அம்மாவுக்குப் புது லேப்டாப் அமைத்துக் கொடுத்தாள். நெட்வொர்க் குரூப்பில் அம்மா பெயரைச் சேர்க்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி?"

"அப்பா பண்ணின வேலைக்கு உங்களை என்ன பேச்சு பேசினோம்! பாவம்மா நீங்க."

"அவரை ஏன் இழுக்கற? அவர் மாட்டேன்னுதான் சொன்னார். 'பசங்க உன்னை வெறுத்துடும்'னார். நான்தான் விடாம நச்சரிச்சு எடுக்க வெச்சேன். பழியை அவரே ஏத்துக்கிட்டார்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? ஏம்மா?"



"பசிச்சா நீங்களே போட்டுச் சாப்பிட்டீங்க. காய்ச்சல்னாலும் அப்பாகிட்டதான் சொன்னீங்க. திட்டறதுக்காவது என் பக்கம் திரும்ப மாட்டீங்களான்னு இருந்ததுடி."