மகா மட்டமான கோல்கீப்பர்

"யோவ் சார்ஜன்ட்! என் நிலத்துல கண்ணிவெடி எடுக்க வந்தீங்களா, பந்தாட வந்தீங்களா?"

நிலத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று கத்தினாள் நிலத்துக்காரி.

"வெடியெல்லாம் நேத்தோட எடுத்து முடிச்சாச்சும்மா. முடிச்ச நிலத்துல ஓர் ஆட்டம் ஆடிக் காட்டிட்டுத்தான் ஒப்படைப்போம். எங்க படை வழக்கம். ஒரு மணி நேரம் பொறுங்க."

"அரை மணி. எனக்கு விதைக்கிற வேலை இருக்கு."

"முக்கால் மணி?"

"அரைன்னா அரைதான்!"

சார்ஜன்ட் விசிலை ஊதினார்.

முதல் பந்து, மேட்டில் நட்டிருந்த கோலுக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளிப் போனது. கோல்கீப்பராக நின்ற கேப்டன் வலப்பக்கம் பாய்ந்து தொப்பென்று விழுந்தார். தொப்பையெல்லாம் மண். வீரர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்த பந்து தலைக்கு மேலே பறந்தது. அவர் தரையில் உருண்டார்.

நிலத்துக்காரிக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருய்யா இந்த ஆளைக் கேப்டனாக்கினது? இவரை நம்பித்தான் உங்க உயிரா? உருப்பட்ட மாதிரிதான்!"

"கோல்கீப்பிங்ல அவர் மகா மட்டம்தாம்மா."

"உங்க ஆளுங்க மட்டும் ஒழுங்கா? அம்பதடி தள்ளி நின்னு அடிக்கிறானுங்க. ஆமா, அது யாரு, மூட்டையைக் கட்டிக்கிட்டு ஓரமா?"

"உதறல்னு கூப்பிடுவோம். போன மாசம் வேற நிலத்துல ஒரு வெடியைத் தவற விட்டுட்டான். நல்லவேளை, மறுசோதனையில அகப்பட்டுச்சு. அதுலேர்ந்து அவன்கூட வேலை செய்ய எவனும் வர்றதில்ல. மாற்றல் கேட்டு எழுதிட்டான். சாயங்காலம் கிளம்புறான்."

அதற்குள் ஒரு பந்து நேராகக் கேப்டனின் காலடிக்கே உருண்டு வந்தது. அதையும் விட்டுவிட்டு அவர் வேறு பக்கம் விழுந்தார்.

நெட்டை வீரனுக்குப் பொறுக்கவில்லை. "சார், மானம் போகுது சார்! எழுந்திருங்க, நான் நிக்கிறேன்!" என்று ஓடிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினான்.

"நீ கிழிச்சே! தள்ளுடா, நான்தான் நிப்பேன்" என்று இன்னொருவன் ஓடினான். மேலும் நான்கு பேர் ஓடினார்கள். கோலுக்குள் ஒரே தள்ளுமுள்ளு, புழுதி, கெட்ட வார்த்தை.

"டேய் உதறல்! அங்கே என்னடா வேடிக்கை? வந்து நில்லுடா!" என்று கோலுக்குள்ளிருந்து நெட்டை வீரன் கத்தினான்.

மூட்டையைப் போட்டுவிட்டு அவனும் ஓடினான்.

கேப்டன் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். "சார்ஜன்ட், அந்த மாற்றல் கடுதாசியைக் கொண்டு வாங்க. கிழிக்கணும்" என்று சொல்லிவிட்டு, சட்டை மண்ணைத் தட்டியபடியே போனார்.

"என்னமோ போங்க. நல்ல சமதரை இவ்வளவு கிடக்கு. அந்த மேட்டுல போயா கோல் நடுவாங்க?" என்றாள் நிலத்துக்காரி.

சார்ஜன்ட் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மேட்டுல வெடி தேடினது உதறல்மா. எவனும் கால் வைக்க மாட்டேன்னான். அதான் கேப்டன் அங்கேயே கோலை நட்டு, ஒரு சாண் விடாம விழுந்து காட்டினார்."