உறைக்கு மேல் உறை

ஜெபராணியின் பழைய காரில் இடதுபக்க முன்சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. மிச்சமிருந்த திரைத்துணியில் அவளே ஓர் உறை தைத்து மாட்டினாள். பூப்போட்ட உறை, கச்சிதமாக அமைந்தது.

மறுவாரம், அது அழுக்காகிவிடுமே என்று, அதன்மேல் போட லுங்கித் துணியில் இன்னொன்று தைத்தாள்.

கார் கொட்டகையில் பக்கத்திலேயே கிடந்த தையல் மிஷினுக்கு எரிச்சல். "இது மட்டும் அழுக்காகாதா? நாளைக்கு இதுக்கும் ஒண்ணு தைக்க உட்காருவா, பாரு."

"என் பூவை இனிமே யார் பார்ப்பாங்க?" என்றது அடியில் போன உறை.

மிஷின் சொன்னபடியே, பழைய மழைக்கோட்டை வெட்டித் தைத்த மூன்றாவது உறையும் வந்தது.

அன்று வெளியே கிளம்பும்போது அவள் கணவர் முன்கதவைத் திறந்தார்.

"அங்க உட்காராதீங்க. இப்பத்தான் மாட்டியிருக்கேன், கசங்கிடும். பின்னாடி போங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்சீட்டுக்குப் போனார்.

"மூணு உறை தைச்சுக் குடுத்தாச்சு. இப்பவாவது திருப்தியா?" என்று சீட்டிடம் கேட்டது மிஷின்.

"கிழிஞ்சு கிடந்தப்போ என் மேல ஆள் உட்கார்ந்தாங்க" என்றது சீட்டு.