சாவி கிடையாது

தவணை கட்டாததால் பறித்த கார்களை ஏலம் விடும் இடங்களை டொலிடோ நகர் முழுக்கத் தேடி அலைந்த லவோனுக்கு இது நாலாவது ஏலம். ஓரிடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு கை மட்டும் கைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை.

"அடுத்தது அந்த நீல வேன். சாவி கிடையாது. ஓடுமான்னு என்னைக் கேக்காதீங்க!" என்றார் ஏலக்காரர்.

கூட்டம் முகத்தைச் சுளித்தது. லவோன் சட்டென்று மறு கையைத் தூக்கினாள். போட்டியே இல்லை. அறுநூறு டாலருக்கு முடிந்தது.

பக்கத்தில் நின்ற பழைய கார் வியாபாரி டெல்பர்ட் சிரித்தார். "ஏம்மா, வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போகப்போறியா?"

லவோன் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"எங்க வீட்டு வாசல்லேருந்து வண்டியத் தூக்கிட்டுப் போனவனுங்க, சாவியக் கேக்கவேயில்லையே அண்ணே!"