சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம்

நான்காம் நாள் இடித்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்.

மகன் நெல்லையப்பன் அச்சடித்துக் கொடுத்திருந்த தாள். அமெரிக்காவில் மகன் வசிக்கும் அரிசோனாவை நான்கு நாளில் காரில் சுற்றிவரும் திட்டம். நாளைக் காலை கிளம்ப வேண்டும். ஊர், சேரும் நேரம், புறப்படும் நேரம், பார்க்க வேண்டியது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். முதல் நாள் செடோனாவின் சிவப்புப் பாறைகள். மறுநாள் கிராண்ட் கேன்யன். மூன்றாம் நாள், வெயில் ஒரு கீற்றாக உள்ளே இறங்கும் பாறைப் பிளவு. நான்காம் நாள் காலை, விண்கல் விழுந்த பள்ளம்.

பிறகு ஷோ லோ.

சேர்வது 1.45. புறப்படுவது 4.45.

பார்க்க வேண்டியது: மதியச் சாப்பாடு.

பள்ளத்திலிருந்து வீட்டுக்கு நேராகவே சாலை இருந்தது. காலையிலேயே மகனின் கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார். ஷோ லோ வழியாக வந்தால் எண்பது மைல் சுற்று. அந்த ஊரில் பள்ளம் இல்லை. பாறை இல்லை. இவர்கள் போகிற இடமெல்லாம் தேடுகிற கோயிலும் இல்லை.

தூத்துக்குடி பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஓட்டுநர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ‘ரெண்டு நிமிஷம்’ என்பார்கள். அவர் காதிலும் விழும். கோபம் வந்ததில்லை.

காரணமில்லாமல் எந்த வண்டியும் நிற்பதில்லை. சாயர்புரத்தில் தினமும் ஏழு நிமிடம் பிந்திய வண்டியின் ஓட்டுநருக்கு, சாயர்புரத்தில் இன்னொரு வீடு இருந்தது.

ஷோ லோவில் யாருக்கு வீடு?

ஊரிலிருந்து கிளம்பும்போது மருமகள் பார்கவி ஒரு பட்டுப் பாவாடை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். ஆறு வயதுக்கு அளவு. தோழியின் குழந்தைக்கு என்றாள். அவர்தான் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

மூன்று வாரமாகிறது. எந்தத் தோழியும் வரவில்லை.

பாவாடை இன்று பயணப் பெட்டிக்குள், துண்டுகளுக்கு அடியில் கிடந்தது.

இந்த வீட்டில் இருப்பது இரண்டு பையன்கள்.

அடுக்களையிலிருந்து வெல்லப்பாகின் வாசனை வந்தது. மனைவி கோமதி மத்தியானத்திலிருந்து முந்திரிக்கொத்து பிடித்துக்கொண்டிருந்தாள். வழிக்கு என்றாள். வழிக்குப் புளிக்காய்ச்சல் ஆயிற்று, இட்லிப்பொடி ஆயிற்று. அவருக்குச் சர்க்கரை. மகன் தொடமாட்டான். பையன்கள் முகர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

முந்திரிக்கொத்து என்றால் உயிரை விடுகிறவள் ஒருத்திதான்.

தாளை மடித்தார்.

விரித்தார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மகளின் கல்லூரிப் பேருந்து தெருமுனைக்கு 4.50-க்கு வரும். வீட்டுக்கு நடை ஏழு நிமிடம். இரண்டு வாரமாக அவள் வாசல் மிதித்தது 5.20-க்கு.

இருபத்து மூன்று நிமிடம்.

கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டார். சும்மாதான் என்றாள். திரும்பக் கேட்டார். ஒரு பையனின் பெயரைச் சொன்னாள். எந்த ஆட்கள் என்று கேட்டார். அதையும் தலைநிமிர்ந்து சொன்னாள்.

அந்த வீட்டில் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது.

அவனையே கட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள் என்று யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு வேலைதான். தினமும் செய்தார்.

இப்போது மூன்று பேருமாகச் சேர்ந்து, அவரை ஒரு மூட்டையைப் போல ஏற்றிக் கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கப் பார்க்கிறார்கள். பள்ளத்தையும் பாறையையும் மேலே பரப்பி மூடியிருக்கிறார்கள். அவர் கண்ணிலேயே மண்.

மகனைக் கூப்பிட்டார்.

வந்தான். ஓரடி பின்னால் பார்கவியும் வந்தாள்.

“சாப்பிட மூணு மணி நேரம் என்னத்துக்குல?”

மகன் தாளைப் பார்த்தான். அவரைப் பார்க்கவில்லை.

“சும்மாதான்ப்பா. வண்டி ஓட்டி அலுத்துரும்லா.”

அதே சும்மா.

கோமதி அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். விரல்களில் மாவு அப்பியிருந்தது. அவளுக்குப் பின்னால் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு வார்த்தை போதும். முடியாது என்றால் முடியாதுதான். நாளைக்கு வண்டியே கிளம்பாது. அது அந்த மூன்று முகத்திலும் எழுதியிருந்தது.

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் பென்சில் இல்லாமல் அவர் சட்டை போட்டதில்லை.

விண்கல் விழுந்த பள்ளத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

பார்கவி மூச்சை இழுத்தது கேட்டது.

பள்ளத்துக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம். பெருஞ்சாலையிலிருந்து உள்ளே போய்த் திரும்பும் கால் மணியைச் சேர்த்துக்கொண்டார். ஷோ லோவுக்குச் சேரும் 1.45-ஐ அடித்தார். பக்கத்தில் 11.45 என்று எழுதினார். அவருடைய எழுத்து எப்போதும் போலச் சின்னதாக, நேராக இருந்தது.

அடுத்த கட்டத்துக்குப் போனார்.

புறப்படும் நேரம்.

4.45-ஐ அடித்தார்.

பக்கத்தில் எழுத இடம் இருந்தது. பென்சில் முனை அங்கேயே நின்றது.

முப்பத்தொரு வருடத்தில் எந்த வண்டிக்கும் அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை.

பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“எண்ணெ புகையுது பாரு” என்றார், கோமதியைப் பார்க்காமல்.