மெழுகில் விழுந்த ஐந்தாவது பள்ளம்

“அஞ்சாவது விரல் யாருக்குங்க? பேய்க்கா?” எதிர்வீட்டு அக்காவின் கத்தல் தெருவுக்கே கேட்டது.

“நானா வேணும்னு பண்றேன்? என் கையாலதாண்டி அழுத்தினேன்!”

பழைய வாள்களின் படங்களைப் பார்த்து, மாயக்கதை வீரனுக்கென்று ஒரு கத்தி செய்துகொண்டிருந்தார் அவள் கணவர். மறுநாள் கண்காட்சி. கைப்பிடி அளவுக்காக மெழுகை இறுக்கிப் பிடித்தால், கட்டைவிரல் நீங்கலாக நான்கு பள்ளம் விழவேண்டும். எத்தனை முறை பிடித்தாலும் ஐந்து விழுந்தது. வெறுத்துப்போய் அப்படியே செதுக்கினார். கண்காட்சியில் சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு அவருடைய தங்கையைப் பார்க்க வந்த மாப்பிள்ளை, சுவரில் மாட்டியிருந்த அதை எடுத்துப் பிடித்தார்.

“எனக்குன்னே செஞ்சீங்களா மச்சான்?”

ஒத்தாசைக்குப் போயிருந்த நான், தண்ணீர் கொடுக்கும் சாக்கில் நெருங்கிப்போய் அவர் விரல்களை எண்ணினேன். கட்டைவிரல் நீங்கலாக ஐந்து.

தங்கை அவரைக் கட்டிக்கொண்டு, கத்தியோடு வெளியூர் போய்விட்டாள். இப்போது சின்னத் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். அண்ணன் புதுக் கத்திக்கு மெழுகு பிடிக்கிறார். எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பள்ளமும் விழவில்லையாம்.