மூன்றாவது வரி

இருட்டியதும் அந்தச் சத்தம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ என் குரலில் பாடினார்கள்.

என் தாலாட்டுதான். நானே இட்டுக்கட்டிய நாலு வரி. மூன்றாவது வரியில் நான் வழுக்கி விழுவேனே, அதே இடத்தில் அதே வழுக்கல். நிறுத்தினார்கள். மறுபடியும் வழுக்கல்.

உடம்பு சில்லிட்டது. பிறகு கொதித்தது.

மாதம் நிறையாமல் பிறந்த என் பிள்ளை, எதிர்க் கட்டடத்து வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். ராத்திரியில் அம்மாக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆஸ்பத்திரி விடுதியில்தான் இருக்க வேண்டும். திடீரென்று கூப்பிட்டால் ஓட வேண்டுமே என்று, தாழ்ப்பாள்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தே விடிய வைப்பேன்.

பக்கத்து அறையில் இருப்பவளை வார்டில் எல்லாரும் ‘பாட்டுக்காரி’ என்பார்கள். இசையில் பட்டம் வாங்கிவிட்டு, இப்போது இசை சிகிச்சையில் மேற்படிப்பு. வார்டில் பயிற்சி. அவள் வாயைத் திறந்தால் பெருக்குகிற அம்மாகூடத் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

போன வாரம் என்னைப் பாட வைத்தவளே அவள்தான்.

"நீங்களே பாடுங்கக்கா. அவனுக்குத் தெரிஞ்ச குரல் அதுதான்."

"ஐயோ, வேண்டாம்மா. கான்வென்ட்ல பாட்டுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டரே, ‘நீ வாயை மட்டும் அசை, புண்ணியமாப் போகும்’னு சொல்லிட்டாங்க."

"சிஸ்டர் இங்க இல்லையே. பாடுங்க."

நம்பிப் பாடினேன். அதற்கா இந்தக் கேலி?

காலையில் வார்டுக்குப் போனதும் நர்ஸ் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன்.

"அவசரப்படாதே. நீ ஒரு வார்த்தை புகார் சொன்னா, அந்தப் பொண்ணோட பயிற்சியே போயிடும்."

"போகட்டும்!"

பயிற்சி கொடுக்கும் பேராசிரியை ஜன்னலோரம் நின்றிருந்தார். பக்கத்திலேயே பாட்டுக்காரி. ராத்திரி முழுக்க விழித்த கண்கள்.

"மேடம், உங்ககிட்ட படிக்கிற இந்தப் பொண்ணு எனக்குப் பழிப்புக் காட்டுறா. நான் பாடுற மாதிரியே, அதே அபஸ்வரத்தோட பாடிப் பாடிப் பாக்கிறா!"

பேராசிரியை முகம் மலர்ந்துவிட்டது.

"அதே மாதிரியேவா? மூணாவது வரி கூடவா?"

"அதுதான் மேடம் முக்கியமா!"

அவர் பாட்டுக்காரியின் முதுகில் தட்டினார். "அவங்களே ஏமாந்திருக்காங்க. நீ பாஸ்!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பாட்டுக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க போனதும் தம்பிக்கு மூச்சு தடுமாறுதுக்கா. மெஷின் கத்திக்கிட்டே இருக்கு. நான் நல்லாத்தான் பாடிப் பாத்தேன். பிரயோஜனமில்ல. உங்க பாட்டையே சுருதி சேத்துப் பாடினேன். அதுக்கும் மசியல. நீங்க வழுக்குற இடத்துல நானும் வழுக்கினாத்தான் ஐயா அடங்குறாரு."

"போன்ல பதிவு பண்ணிப் போடலாமேம்மா?"

"போனுக்கு அவன் மூச்சைப் பாக்கத் தெரியாதேக்கா. அவன் வேகமா இழுத்தா நானும் வேகமாப் பாடணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக் கொண்டுவரணும்."

நான் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"சின்ன வயசுலேருந்து சரியாப் பாட மட்டுந்தான் படிச்சேன்," என்றாள். "தப்பாப் பாட வரமாட்டேங்குது. நாலாவது வரி இன்னும் இடிக்குது. ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுங்களேன்."

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்ட நான், இசையில் பட்டம் வாங்கியவளுக்குப் பாடம் எடுத்தேன்.

அன்று இருட்டியதும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் வார்டில் இருந்தாள், என் குரலோடு.

பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக, நான் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டேன்.